சூடு தெரியாத கை

ஆயாக்காவுக்குச் சூடே தெரியாது என்பதை நாங்கள் ஒரு பெருமையாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். விறகடுப்பில் பால் நுரைத்து மேலே வரும். மற்றவர்கள் கைத்துணியைத் தேடுவோம், முந்தானையைச் சுருட்டுவோம். அவள் வெறுங்கையால் அலுமினியத் தேக்சாவின் விளிம்பைப் பிடித்து இறக்கி வைத்துவிட்டு, அதே கையால் அழுகிற பிள்ளையின் தொட்டிலையும் ஆட்டிவிடுவாள். "இரும்புக் கையி" என்று நாங்கள் சிரிப்போம். அவளும் கூடச் சிரிப்பாள்.

அது இடுக்கி மலையில், கம்பம்மெட்டிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம் உள்ளே போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் போடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே போனவள். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை, எனக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. மகள் செல்வி பிறந்த மூன்றாம் மாதமே நான் மறுபடி கூடையை மாட்ட வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்ல, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பிள்ளைக் கொட்டகை என்போம். உத்திரத்திலிருந்து வரிசையாகப் பழஞ்சேலைத் தொட்டில்கள் தொங்கும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா அவள். ஆயா என்றதும் வயதானவள் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தைந்து வயதிருக்கும். அதனால்தான் வேலைப்பெயரோடு ஓர் அக்காவையும் சேர்த்துக்கொண்டோம். அவளுடைய சொந்தப் பெயரை அவள் புருஷனைத் தவிர யாரும் அங்கே சொல்லிக் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

பதினெட்டுத் தொட்டிலில் எது சிணுங்கினாலும் திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். "அது மாரி மகன், பசிக்கு அழுகுறான். இது ஒம் மக, சும்மா வம்புக்கு." பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடிவருவோம். மழையில் நனைந்து, அட்டைக் கடி வாங்கி, வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரிடம் வசவும் வாங்கி வருகிற எங்களை முதலில் அடுப்போரம் உட்காரவைப்பாள். "ஈரத்தோட புள்ளையத் தொடாத. காஞ்சுக்க. அது எங்கிட்டும் ஓடிப்போகாது." எங்களுக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய பாலில் ஒரு வாய் மிச்சம் வைத்திருப்பாள். என் மகளை அவள் தூக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். என்னிடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் பக்கம் தாவுவாள் செல்வி.

சில வழக்கங்கள் அவளுக்கு உண்டு. பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சுவெட்டர் ஒன்றைக் கழற்றவே மாட்டாள். மலைக்குளிருக்கு எல்லோரும் சுவெட்டர் போட்டவர்கள்தான், அதனால் அது உறுத்தவில்லை. ஆனால் ஏப்ரல் வெயிலிலும் போட்டிருப்பாள். மலையிலிருந்து குழாய் வழியே கொட்டுகிற பீலித்தண்ணியில் பெண்கள் எல்லோரும் குளித்துப் போன பிறகுதான் தனியாகப் போய்க் குளிப்பாள். கம்பத்திலிருந்து வளையல்காரர் மேலே வருவார். நாங்கள் கையை நீட்டிக்கொண்டு உட்காருவோம், அவர் பிடித்து அமுக்கி வளையல் ஏற்றுவார். அவள் மட்டும் தூர நின்று, "அந்தப் பச்சையில ஒரு டஜன் தாங்க, நானே போட்டுக்கிறேன்" என்பாள். ஒரு தரம் வளையல்காரர் விளையாட்டாக, "கையக் காட்டுத்தா, அளவு பாப்போம்" என்று பிடிக்கப் போனார். அவள் பின்னால் நகர்ந்த வேகத்தில் தட்டியே கவிழ்ந்து கண்ணாடி எல்லாம் தரையில் சிதறிவிட்டது. அப்போது அவள் முகத்தில் இருந்தது வெட்கம் என்று நான் நினைத்தேன்.

இன்னொரு நாள், பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் சுண்டுவிரல் அடியில் ஓர் அட்டை திராட்சை மாதிரி ஊதித் தொங்கியது. சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாள். "அட, இது எப்ப ஏறுச்சு" என்று பிய்த்து அடுப்பில் போட்டாள். அதற்கும் சிரித்தோம்.

ஆடி மாதம். மழை வலுத்துக் கண்டக்டர் எங்களை முன்கூட்டியே இறக்கிவிட்டார். மற்றவர்கள் கொழுந்து நிறுக்கப் போக, நான் செல்விக்குக் காய்ச்சல் வருவது போலிருந்ததே என்று நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். ஆயாக்கா அடுப்பின் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கை தேக்சா விளிம்பில் இருந்தது. இன்னொரு கையில் என் மகள். மெதுவாகப் பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். தேக்சா இன்னும் அடுப்பில்தான் இருந்தது, கீழே தீ எரிந்துகொண்டிருந்தது. தோல் கருகுகிற வாடை முதலில் எனக்குத்தான் வந்தது.

"அக்கா! கை!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதை எடுத்தபோது உள்ளங்கையின் ஓரத்தோல் தேக்சாவிலேயே ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஓர் 'ஸ்' கூட இல்லை. பாட்டு மட்டும் நின்றுபோயிருந்தது.

எனக்குச் சின்ன வயசில் பார்த்தது நினைவுக்கு வந்தது. என் பெரியப்பா ஒருவர் எங்கள் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் இருந்தார். சோற்றை ஒரு பாறையில் வைத்துவிட்டு எங்கள் அம்மா தூர வந்த பிறகுதான் அவர் வந்து எடுப்பார். அவர் ஒரு நாள் எரிகிற கட்டையைக் கையால் நகர்த்துவதை நான் ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. 'பெரியவியாதி' என்று எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

நான் செல்வியைப் பிடுங்கினேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். பிள்ளை வீறிட்டது.

ஆயாக்கா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல புள்ள. கவனமில்லாம இருந்துட்டேன். ஒண்ணுமில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓர் அடி முன்னால் வந்தாள். நான் ஓர் அடி பின்னால் போனேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"யாருட்டயும் சொல்லிப்புடாத தாயி. எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கு. லயத்துல இருக்க விடமாட்டாக. ஒம் மக மேல சத்தியமாக் கேக்குறேன்."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். சுவெட்டர் கை மேலேறியிருந்தது. முழங்கைக்குக் கீழே, அப்பளம் அளவுக்கு வெளிறிய ஒரு படை இருந்தது.

மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. அந்த மூன்று நாளும் நான் பட்ட பயத்தை இப்போது எழுதிக் காட்ட முடியவில்லை. செல்வியைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன், மறுபடி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். தோல் சிவந்துபோகத் தேய்த்தேன். விரல் விரலாக எண்ணிப் பார்ப்பது போலக் கிள்ளிப் பார்ப்பேன். அழுதால்தான் எனக்கு நிம்மதி. பெற்ற பிள்ளையை அழவைத்து நிம்மதி அடைந்த தாய் நான். கொட்டகைக்கு அனுப்பாமல் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். கண்டக்டர் கத்தினார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஆனால் மற்ற பதினேழு பிள்ளைகளும் அங்கேதான் இருந்தன. அதை நினைத்தால் கொழுந்தின் மேல் கை நிற்காது. சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால்?

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த மாரி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் மகன் ஒரு வயதுக்காரன். நாலாம் நாள் அவள் கேட்டாள். "என்னடி, மகளை இறக்கவே மாட்டேங்கிற? ஆயாக்காகூடச் சண்டையா?"

இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஒம் மகனையும் அங்க விடாதக்கா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஏன் என்று அவள் கேட்டதற்கு என் கையை அடுப்பில் வைப்பது போல வைத்துக் காட்டினேன். அவள் கூடை சரிந்து கொழுந்தெல்லாம் கீழே கொட்டியது.

சாயங்காலத்துக்குள் நாலு லயத்துக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை மூடுபனி. ஒரு பிள்ளைகூடக் கொட்டகைக்குப் போகவில்லை. எல்லோரும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஏறினோம். வழி கொட்டகையை ஒட்டித்தான் போகும். கொட்டகை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பதினெட்டுத் தொட்டிலையும் விரித்துக் கட்டியிருந்தாள். பால் கிண்ணங்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்திருந்தாள். ஒவ்வொருவராகக் கடந்து போக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். கடைசியாக நான்.

"ஒம் மகளுக்குக் காச்ச விட்டுருச்சா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். முதுகில் செல்வி அவளைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

அன்று பகலுக்குள் தோட்டத்து டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். வேலைக்கு ஆள் பிரிக்கிற ஷெட்டில் எல்லோரையும் கூட்டினார்கள். ஆயாக்காவைத் தனியாக ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, சுவெட்டரைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஊசிமுனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்தக் குத்த அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "இதோ தொடுறீங்க" என்று அவள் ஒருமுறை சொன்னபோது அவர் கை அவள் மேலேயே இல்லை. கூட்டத்தில் யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

"பேடிக்கேண்டா, ஆரும் பேடிக்கேண்டா. குட்டிகளை ஓரோருத்தரா ஞான் நோக்காம்" என்றார் கம்பவுண்டர். பயப்பட வேண்டாம், பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன் என்று அவர் சொன்ன குரலிலேயே பயம் இருந்தது. பிறகு அவளிடம், "எத்தனை நாளாயி?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் இருக்கும் சார்." தலையை நிமிர்த்தவில்லை. "வேலை போயிரும்னு சொல்லல. எம் புள்ளைய நெனச்சுச் சொல்லல. புள்ளைகளுக்கு ஒண்ணும் வராம சுத்தமாத்தேன் பாத்துக்கிட்டேன். கையக் கழுவாம ஒரு புள்ளையத் தொட்டதில்ல."

அவர் எழுதிக்கொண்டே கேட்டார், வேறெதுவும் நினைக்காமல்தான் கேட்டிருப்பார். "பாலு சூடு எங்ஙன நோக்கும்?"

"கையில ரெண்டு சொட்டு ஊத்திப் பாப்பேன் சார்."

"எந்தக் கையில?"

அவள் இடது கையை நீட்டினாள். தோல் உரிந்து கட்டுப்போட்ட அதே கை. நீட்டியது நீட்டியபடியே இருந்தது. நான் அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். ஒரு மனித முகத்தில் அப்படி ஒன்று நடப்பதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவள் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின. மாரியிடம் வந்து நின்றன.

ஒரு மாதத்துக்கு முன்னால் மாரியின் மகனுக்கு உதடெல்லாம், நாக்கெல்லாம் கொப்புளம். நாலு நாள் பால் குடிக்காமல் கிடந்தான். அக்கி என்று செம்மண் பூசினார்கள். வேப்பிலை கட்டினார்கள். இரண்டு நாள் ஆயாக்காதான் பஞ்சில் தண்ணீர் நனைத்து அவன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"அய்யோ" என்றாள். "அய்யோ மாரி. அது அக்கியில்ல. அது நாந்தேன். சூடு தெரியாம நாந்தேன் குடுத்துருக்கேன்."

அது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது. மாரி அவளை நோக்கிப் போனாள், அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பாதி தூரம் போய் நின்றுவிட்டாள். தொடவேண்டுமே என்ற பயம். திரும்பி வந்து மகனை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆயாக்கா அதற்குப் பிறகு அழவில்லை, கெஞ்சவில்லை. லயத்தில் இருக்கக்கூடாது என்று தோட்டத்து மேனேஜர் தொரை சொல்லியனுப்பியபோது சரி என்றாள். சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே மாத்திரை கொடுப்பார்கள் என்று கம்பவுண்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கொழுந்து லாரியில் ஏற்ற டிரைவர் மறுத்துவிட்டார். ஒரு துணிமூட்டையோடு நடந்தே புறப்பட்டாள். அவள் புருஷன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். எட்டு வயது மகள் பேச்சி உள்ளே கதவைத் தட்டித் தட்டி அழுதது லயம் முழுக்கக் கேட்டது.

அவள் வருகிற பாதையோரம் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அவள் தலை தெரிந்ததும் செடிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் காலடிச் சத்தம் என்னைத் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவள் நிற்கவில்லை.

அடுத்த மாதமே செல்வியின் கன்னத்தில் வெளிறிய ஒரு திட்டு வந்தது. நான் சோறு தின்னவில்லை. கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே, அது வயிற்றுப் பூச்சியால் வருவது என்று மருந்து கொடுத்து அனுப்பினார். பத்து நாளில் மறைந்துவிட்டது. அந்தப் பத்து நாளும் நான் யாருக்கும் காட்டாமல் பிள்ளையின் கன்னத்தில் பவுடரை அப்பி வைத்திருந்தேன். ஆயாக்கா சுவெட்டர் ஏன் போட்டாள் என்று அப்போதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

ஒரு வருஷத்தில் ஆயாக்காவுக்கு நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் பரவாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஆனால் அவள் வரவில்லை. அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாள் என்றார்கள். வேறு ஆள் தேடிக்கொண்டாள் என்றார்கள். பெற்ற பிள்ளையைக்கூட மறந்த கல்நெஞ்சுக்காரி என்றும் சொன்னார்கள். அவள் பேச்சிக்கு அனுப்பிய துணிமணிகளை அவள் புருஷன் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவார் என்பது பக்கத்து வீட்டிலிருந்த எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். என்னைப் போல.

நாலு வருஷம் கழித்து ஒரு மாசி மாதக் காலையில் தோட்டத்துக்கு ஒரு ஜீப் வந்தது. தொழுநோய் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார்கள், எல்லோரும் ஷெட்டுக்கு வரவேண்டும் என்று சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இளவயது ஆபீசர் ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் ஆயாக்கா. அரைக்கை ரவிக்கை. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கி உள்நோக்கி வளைந்திருந்தன. அதை அவள் மறைக்கவில்லை.

தொட்டால் ஒட்டாது, மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்று ஆபீசர் நிறையச் சொன்னார். பெண்களுக்கு இந்தம்மாதான் பார்ப்பார்கள் என்றார். யாரும் அசையவில்லை. நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றிருந்தேன், வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று பாதையைப் பார்த்துக்கொண்டு. ஸ்கூல் பிள்ளைகளை மட்டும் டீச்சர் வரிசையாகக் கூட்டிவந்து நிறுத்தினார். அந்த வரிசையில் பேச்சியும் இருந்தாள். பன்னிரண்டு வயது. தாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய பெண் பிள்ளைகளுக்கு ஒரு மறைப்பு வேண்டுமென்று சேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். டீச்சர் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க யாரும் வராமல் டீச்சர் என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லவும் பயமாக இருந்தது. செல்வியை வீட்டுக்காரர் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்ப் பிடித்தேன். ஆயாக்கா என்னைப் பார்த்தாள். "சொகமா இருக்கியா புள்ள?" என்றாள். நான் தலையாட்டினேன்.

பேச்சியின் முறை வந்தது. ஆயாக்கா கண்ணை மூடச் சொன்னாள். கோழி இறகால் கையில் தொட்டாள், கழுத்தில் தொட்டாள். பேச்சி தொட்ட இடத்தை விரலால் காட்டினாள். முதுகைத் திருப்பி, வலது தோள்பட்டைக்குக் கீழே தொட்டாள். பேச்சி அசையவில்லை. மறுபடி தொட்டாள். மூன்றாம் முறை. அங்கே ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் லேசாக வெளிறியிருந்தது. தெரிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

இறகு நின்றுவிட்டது. மறைப்புக்குள் எங்கள் நாலு பேரைத் தவிர யாரும் இல்லை. டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாதே என்று நான் மனசுக்குள் கத்தினேன். ரகசியமாக மாத்திரை கொடுத்துவிடு, யாருக்கும் தெரிய வேண்டாம், பெண் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள். சொல்லாதே அக்கா.

அவள் ரவிக்கையை இழுத்து மகளின் முதுகை மூடினாள். கொக்கியை மாட்டிவிட்டாள். பிறகு மறைப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஆபீசருக்கு, ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எழுதிக்கங்க சார். பேச்சியம்மா. பன்னெண்டு வயசு. முதுகுல ஒரு படை, உணர்ச்சியில்ல. எம் மக."

ஷெட்டே பின்வாங்கியது. அவள் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பாவி! வாய மூடுடி! பெத்த புள்ளை தலையில மண்ண அள்ளிப் போடுறியே!" என்று கத்தினார். ஆனால் மறைப்புக்குப் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். மகளைத் தூக்க வரவில்லை. பேச்சி அவரைப் பார்த்தாள். பிறகு தானும் யாரும் பக்கத்தில் வராத ஓர் இடத்தில் நிற்பதை அவள் புரிந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே மகளைக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. ஜீப் பக்கத்தில் அவள் தனியாக நின்றபோது நான் போனேன். ஐந்தாறடி விட்டுத்தான் நின்றேன்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்ச? பைய என் காதுல சொல்லியிருந்தாக்கூட நான் யாருட்டயும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது.

அவள் கோபிக்கவில்லை. "நீ சொன்னது நல்லதுதேன் புள்ள. அன்னைக்கு நீ சொல்லலைன்னா இன்னும் எத்தனை புள்ளைக்கு வாய் வெந்துருக்குமோ." மடங்கிய விரல்களைத் தடவிக்கொண்டாள். "ரெண்டு வருசம் ஒளிச்சேன். எந்நேரமும் அதே நெனப்பு. யாரு பாப்பாக, யாரு புடிப்பாகன்னு. தூக்கத்துலகூடக் கைய இழுத்து மூடிக்கிருவேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு டாக்டர் எல்லார் முன்னாடியும் கையப் புடிச்சுப் பாத்தாரு. அதுக்கு மேல ஒளிக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. அன்னைக்குத்தேன் நல்லாத் தூங்குனேன். திரும்பி இங்க வந்தா மறுபடி ஒளிக்கணும். அதேன் வரல. பைய சொல்லியிருந்தா எம் மகளும் ஒளிக்கத்தேன் படிப்பா."

"பயமா இல்லையாக்கா?"

"பயமில்லாம?" என்று மகள் நின்ற பக்கம் பார்த்தாள்.

பேச்சி ஜீப்பில் ஏற மறுத்தாள். தாய் தொட வந்தால் உதறினாள். "அவகூடப் போகமாட்டேன், அவகூடப் போகமாட்டேன்" என்று கதறிக்கொண்டு ஷெட் தூணைக் கட்டிக்கொண்டாள். சுற்றி இவ்வளவு பேர் நின்றும் ஒருவர் போய் அந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லை. அது திரும்பி, கூட்டத்தில் தெரிந்த முகம் எது என்று தேடி, பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தது. "சித்தி, நீங்க வாங்க சித்தி. நீங்க வந்தாப் போறேன்" என்றது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். மாரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செல்வியை மாரியிடம் விட்டேன். எப்படி விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. போய்ப் பேச்சியின் விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

பேச்சிக்கு மூன்று வருஷம் மாத்திரை கொடுத்துக் குணமாகிவிட்டது. தாயோடு பேச அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு தையல் படித்து, கம்பத்தில் ஒரு நல்ல பையனைக் கட்டி, இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஆயாக்காவே எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட்டாளாம். இரண்டு வரன் எழுந்து போனது, மூன்றாவது உட்கார்ந்தது. அன்று ஷெட்டில் பேச்சிக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மீதிப் பேரில் இரண்டு பெண்களுக்கு நோய் இருப்பது தெரிந்து சீக்கிரமே குணமாயிற்று. செல்விக்கும் எனக்கும் எதுவும் இல்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்று ஜீப்பில் எனக்கு எதுவும் தெரியாது. முன்சீட்டில் ஆயாக்கா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கம்பம்மெட்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பேச்சி வாந்தி எடுத்துவிட்டு என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு என் கைக்குக் கீழே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்குப் போனதும் எத்தனை முறை குளிப்பது, செல்வியைத் தொடலாமா கூடாதா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கிப்போன பிறகும் கையை எடுக்கலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். கம்பம் வரும்வரை எடுக்கவில்லை.